ஸ்பேம் போட்டவனை விட்டுவிட்டு நெட்வொர்க்கைப் பிடித்த வழக்குகள்: சரியா, தவறா?

#1 கரிசல்காட்டான்

ஸ்பேம் வழக்கு என்றதும் ஸ்பேம் அனுப்பிய ஆளைத்தான் நினைத்துக்கொள்கிறோம். அவனுக்குக் கூலி கொடுத்தவன் மீது போட்ட வழக்குகள் தனி ரகம். அவற்றைப் பேசத்தான் இந்த இழை.

2012 ஜனவரி 26 அன்று அமெரிக்காவில் ஆட்சென்ட் மீடியா என்ற விளம்பர நெட்வொர்க் மீது ஒரே நாளில் இரண்டு வழக்குகள் அறிவிக்கப்பட்டன. ஒன்று வாஷிங்டன் மாநில அட்டர்னி ஜெனரல் ராப் மெக்கென்னா போட்டது. இன்னொன்று ஃபேஸ்புக் போட்டது. ஃபேஸ்புக் ஸ்பேமுக்காக ஒரு மாநில அரசே நீதிமன்றம் போனது அதுதான் முதல் தடவை என்று அப்போது பேசப்பட்டது. மாதம் 12 லட்சம் டாலர் வரை இந்த வழியில் சம்பாதித்தார்கள் என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் அடியோடு மறுத்தது.

வழக்கின் மையத்தில் இருந்தவர்கள் அஃபிலியேட்டுகள், அதாவது கமிஷனுக்கு ஆள் பிடித்துத் தருகிறவர்கள். அவர்கள் ஃபேஸ்புக்கில் ஒரு பொய்ப் பக்கம் திறப்பார்கள். அதிர்ச்சித் தலைப்பு, வீடியோ மாதிரி ஒரு படம். பார்க்கப் போனால் முதலில் லைக் போடு, அப்புறம் ஷேர் பண்ணு, அப்புறம் வயதைச் சரிபார்க்க ஒரு சர்வே நிரப்பு. நிரப்பி முடித்தாலும் பல நேரம் வீடியோ வராது. ஆனால் நிரப்பிய ஒவ்வொரு ஆளுக்கும் விளம்பரதாரர் ஒரு தொகை தருவார். அதை நெட்வொர்க் வாங்கி, தன் பங்கை எடுத்துக்கொண்டு, மீதியை அஃபிலியேட்டுக்கு அனுப்பும்.

நெட்வொர்க்கைப் பிடித்தது சரி என்பது என் கட்சி. யார் எப்படி ஆள் அனுப்பினார்கள் என்பது பெரும்பாலும் விளம்பரதாரருக்குத் தெரியாது. அஃபிலியேட் எங்கோ ஒரு ஊரில் பொய்ப் பெயரில் இருப்பான். பணம் மட்டும் ஒரே கை வழியாகத்தான் போகிறது. அந்தக் கைக்குத்தான் முகவரியும் வங்கிக் கணக்கும் உண்டு. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

#2 வடபழனி ராஜு

அந்தக் காலத்தில் எங்கள் சித்தப்பாவின் ஃபேஸ்புக் சுவரில் இப்படி ஒரு "வீடியோ" வந்து, சித்தி அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். "நான் லைக் போடவே இல்லை" என்று மனுஷன் சத்தியம் செய்தார். யாரும் நம்பவில்லை. நாம் தொடாமலே லைக் விழ வழி இருந்ததா, இல்லை சித்தப்பா சமாளித்தாரா?

#3 பழைய பப்ளிஷர்

ராஜு, சித்தப்பா பக்கம் நியாயம் இருக்கலாம். இதற்கு லைக்ஜாக்கிங் என்று பெயர். வீடியோ படத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஃபிரேமைப் பொருத்தி, அதற்குள் நிஜமான லைக் பொத்தானை வைத்துவிடுவார்கள். நீங்கள் ப்ளே பண்ணத்தான் அழுத்துகிறீர்கள், விழுவது லைக். அடுத்த நொடி அது நண்பர்கள் எல்லோருடைய ஃபீடிலும் நிற்கும், உங்கள் பெயரோடு. அந்தப் பெயர்தான் சரக்கு. முன்பின் தெரியாதவன் அனுப்பினால் அழிக்கிறவர்கள், சித்தப்பா பார்த்தது என்றால் என்னவென்று பார்க்காமல் விடமாட்டார்கள்.

நான் அந்தக் காலத்தில் கோவையில் இருந்துகொண்டு நேர்மையான முறையில், கூப்பன் தளம் வைத்து, இந்தத் தொழிலில் இருந்தேன். அதனால் கரிசல்காட்டான் சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். நெட்வொர்க்குக்குத் தெரியாது என்பது பச்சைப் பொய். ஒவ்வொரு லிங்கிலும் சப்-ஐடி, அதாவது ஆள் எங்கிருந்து வந்தார் என்று காட்டும் அடையாளக் குறி, இருக்கும். எந்த அஃபிலியேட், எந்தப் பக்கத்திலிருந்து, எந்த நாட்டு ஆள், எத்தனை கிளிக்குக்கு எத்தனை லீட் (படிவம் நிரப்பிச் சேர்ந்த ஆள்) என்பதெல்லாம் நிமிடத்துக்கு நிமிடம் திரையில் ஓடும். நேற்றுச் சேர்ந்த ஒரு கணக்கு ஒரே இரவில் மலைபோல ட்ராஃபிக் கொண்டுவந்தால், மறுநாள் காலை நெட்வொர்க்கின் அஃபிலியேட் மேனேஜர் சாட்டில் வந்து நிற்பார். விசாரிக்க இல்லை, பே-அவுட்டை, அதாவது ஒரு லீடுக்கான கூலியை, ஏற்றித் தர. "எந்த சோர்ஸ்?" என்று கேட்பார். "சோஷியல்" என்று சொன்னால் போதும், மேலே கேட்க மாட்டார்.

சின்ன ஆளுக்குப் பணம் ஒரு மாதம் கழித்துத்தான் வரும். பெரிய ஸ்பேமருக்கு வாராவாரம். நான் இருந்த ஒரு நெட்வொர்க்கில் (பெயர் வேண்டாம்) என் லீட்களைத் தரம் சரியில்லை என்று வெட்டினார்கள். அதே ஆஃபருக்கு லைக்ஜாக்கிங் பண்ணியவனுக்கு முழுப் பணம் போனது. அவனை இழந்தால் அவர்களுக்கு நஷ்டம், என்னை இழந்தால் ஒன்றுமில்லை.

#4 மறுப்பு மாணிக்கம்

எல்லோரும் ஒரே பக்கம் நின்றால் எப்படி? நான் எதிர்ப்பக்கம் பேசுகிறேன்.

நெட்வொர்க் ஒரு தரகர். வீட்டுத் தரகர் ஒருவரை அழைத்து வருகிறார், வந்தவர் வாடகை தராமல் ஓடிவிட்டார் என்றால் தரகர் மீதா வழக்குப் போடுவோம்? ஒப்பந்தத்தில் "ஸ்பேம் கூடாது" என்று தெளிவாக எழுதியிருக்கும். மீறியவன் அஃபிலியேட். ஆயிரக்கணக்கான அஃபிலியேட்டுகள் என்ன செய்கிறார்கள் என்று ஒரு நிறுவனம் எப்படிக் கண்காணிக்கும்? அப்படிப் பார்த்தால் அந்த லைக் பொத்தானைப் பக்கத்துக்குப் பக்கம் ஒட்டிக்கொள்ள விட்டது ஃபேஸ்புக்தானே. அவர்கள் மீது ஏன் வழக்கு இல்லை?

#5 வழக்குரைஞர் மீனா

மாணிக்கம் சார், நீங்கள் கேட்டது சட்டத்திலேயே இருக்கிறது.

இந்த வழக்குகளில் முக்கிய ஆயுதம் 2003ல் வந்து 2004 ஜனவரி 1 முதல் அமலான கேன்-ஸ்பேம் சட்டம். அனுப்பியவரை மட்டுமல்ல, காசு கொடுத்தோ தூண்டியோ தன் சார்பில் அனுப்பவைத்தவரையும் அது பிடிக்கும். ஆனால் ஒரு கொக்கியும் உண்டு. ஃபேஸ்புக் மாதிரி சேவை நிறுவனம் வழக்குத் தொடர்ந்தால், அனுப்பவைத்தவருக்கு விஷயம் தெரிந்திருந்தது, அல்லது தெரிந்துகொள்ளாமல் வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டார் என்று காட்ட வேண்டும். பழைய பப்ளிஷர் சொன்ன "மேலே கேட்க மாட்டார்" என்பது சட்டத்தின் பார்வையில் நேராக இந்த இரண்டாவது வகையில் விழும்.

மாணிக்கம் சார் சொன்ன வாதம் எடுபட்டதும் உண்டு. இம்பல்ஸ் மீடியா என்ற நிறுவனத்தின் அஃபிலியேட்டுகள் ஆபாச மின்னஞ்சல் அனுப்பியதற்காக அமெரிக்க அரசு அந்த நிறுவனத்தின் மீதே வழக்குப் போட்டது. 2008ல் சியாட்டில் ஜூரி நிறுவனம் பொறுப்பல்ல என்று தீர்ப்பளித்தது. ஆக, "தரகர்" வாதம் செத்த வாதம் இல்லை. தரகருக்கு என்ன தெரியும் என்பதைச் சாட்சியத்தோடு காட்ட முடிகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அதற்கு முன் இன்னொரு சிக்கல். கேன்-ஸ்பேம் மின்னஞ்சலுக்கான சட்டம். ஃபேஸ்புக் சுவரில் விழுவது மின்னஞ்சலா?

#6 வடபழனி ராஜு

மீனா மேடம், இது என்ன கேள்வி? சுவர் எப்படி மின்னஞ்சல் ஆகும்?

#7 வழக்குரைஞர் மீனா

ஆகும் என்றுதான் நீதிபதிகள் சொன்னார்கள் தம்பி. 2007ல் மைஸ்பேஸ் என்ற பழைய சமூக வலைத்தளம் தொடுத்த வழக்குகளில், அந்தத் தளத்துக்குள்ளேயே போகும் செய்திகளும் இந்தச் சட்டத்தில் வரும் என்று கலிபோர்னியா ஃபெடரல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதாவது இன்பாக்ஸ் செய்தி. சுவரும் ஃபீடும் அடுத்த படி.

அந்தப் படி மேக்ஸ்பவுண்டி வழக்கில் வந்தது. கனடாவில் ஒட்டாவாவைச் சேர்ந்த அஃபிலியேட் நெட்வொர்க் அது. 2010 அக்டோபரில் ஃபேஸ்புக் வழக்குப் போட்டது. ஐபேட் இலவசம், கிஃப்ட் கார்டு இலவசம் என்று பக்கங்கள். வேண்டுமென்றால் பக்கத்தில் சேர், நண்பர்கள் எல்லோரையும் அழை, அப்புறம் வெளித் தளத்துக்குப் போய் ஏதேதோ சந்தாவில் சேர். மேக்ஸ்பவுண்டி தரப்பு, சுவரில் வருவது எந்த முகவரிக்கும் அனுப்பப்பட்டதல்ல, எனவே சட்டம் பொருந்தாது என்று வாதாடியது. 2011 மார்ச் 28 அன்று நீதிபதி ஜெரமி ஃபோகல் அதை ஏற்கவில்லை. சுவர், நியூஸ் ஃபீட், ஹோம் பக்கம் எங்கே போனாலும் அந்தச் செய்தியை ஃபேஸ்புக் தன் அமைப்பு வழியே ஒரு இடத்துக்குக் கொண்டுசேர்க்க வேண்டியிருக்கிறது. ஏமாற்றுச் செய்திகளால் இணையச் சேவைகள் மீது விழும் சுமையைக் குறைப்பதே சட்டத்தின் நோக்கம். ஆகவே பொருந்தும் என்றார். வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்யக் கேட்ட மனு மீதான உத்தரவுதான் அது, குற்றம் நிரூபணமானதாகப் பொருள் இல்லை. ஆனால் பத்தே மாதத்தில் ஆட்சென்ட் மீது வழக்கு வந்தபோது அதே சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வர இந்த உத்தரவு பெரிய துணை.

#8 டாலர்_தாமோதரன்

தீர்ப்பெல்லாம் இருக்கட்டும், பணம் எவ்வளவு வந்தது? நான் கணக்கன், அதைத்தான் கேட்பேன்.

#9 கரிசல்காட்டான்

நல்ல இடத்துக்கு வந்தீர்கள். ஸ்பேம் போட்ட தனி ஆட்கள் மீது வந்த தீர்ப்புகளைப் பார்த்தால் தலை சுற்றும். 2008 மே மாதம் சான்ஃபோர்ட் வாலஸ் என்பவரும் அவர் கூட்டாளியும் மைஸ்பேஸுக்கு 23 கோடி டாலர் தர வேண்டும். 2008 நவம்பரில் ஒரு மான்ட்ரியல் ஆள் ஃபேஸ்புக்குக்கு 87.3 கோடி டாலர். 2009 அக்டோபரில் மறுபடி வாலஸ், ஃபேஸ்புக்குக்கு 71.1 கோடி டாலர். ஒரு செய்திக்கு இவ்வளவு என்று சட்டம் வைத்த தொகையை லட்சக்கணக்கான செய்திகளால் பெருக்கினால் இப்படித்தான் வரும். வசூல்? அந்த மான்ட்ரியல்காரர் திவால் மனு கொடுத்தார். வாலஸோ, ஃபேஸ்புக் வழக்கில் தீர்ப்பு வருவதற்கு முன்பே மனு கொடுத்துவிட்டார். வாலஸை உண்மையில் நிறுத்தியது கிரிமினல் வழக்கு. சுமார் 5 லட்சம் ஃபேஸ்புக் கணக்குகளுக்குள் புகுந்து 2.7 கோடிக்கும் அதிகமான ஸ்பேம் செய்திகள் அனுப்பியதற்காக 2016ல் 30 மாதச் சிறைத் தண்டனை, 3 லட்சத்துச் சொச்சம் டாலர் இழப்பீடு. 71.1 கோடி எங்கே, 3 லட்சம் எங்கே!

இப்போது மறுபக்கம். ஆட்சென்ட் வாஷிங்டன் மாநிலத்தோடு 2012 மே மாதமே சமரசத்துக்கு வந்துவிட்டது. கொடுத்தது 1 லட்சம் டாலர், அதுவும் வழக்குச் செலவுக்கு. மாதம் 12 லட்சம் என்று குற்றம் சாட்டிய வழக்கு!

#10 டாலர்_தாமோதரன்

அப்படியானால் மூன்று நாள் வருமானத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டார்கள். கரிசல்காட்டான், உங்கள் கட்சி அங்கேயே தோற்றுவிட்டதே?

#11 ஆன்லைன்_வருமானம்_007

[இந்தப் பதிவு நீக்கப்பட்டது. மட்டுறுத்துநர்: ஸ்பேமைப் பற்றிப் பேசும் இழையில் வந்து "வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்" லிங்க் போடும் தைரியத்துக்கு ஒரு கும்பிடு.]

#12 கரிசல்காட்டான்

தாமோதரன், தோற்கவில்லை. 12 லட்சம் என்பது குற்றச்சாட்டில் உள்ள உச்சக் கணக்கு, நிரூபணமானதல்ல, அதனால் மூன்று நாள் கணக்கு அவ்வளவு நேராக வராது. தவிர, சமரசத் தொகையை மட்டும் பார்த்தால் படம் முழுமையாகாது. இவற்றுக்கு முன்பே வேல்யூகிளிக் என்ற பெரிய இணைய விளம்பர நிறுவனம் 2008 மார்ச்சில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்துக்கு 29 லட்சம் டாலர் கட்டியது. "இலவசப் பரிசு" என்று ஆள் பிடித்ததற்காக. கேன்-ஸ்பேம் சட்டத்தில் அதுவரை யாரும் அவ்வளவு அபராதம் கட்டியதில்லை. அந்தப் பணம் நிஜமாகவே கைமாறியது. காகிதத்தில் நிற்கும் 87 கோடியைவிடக் கைக்கு வந்த 29 லட்சம் பெரிது, கணக்கருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

#13 வழக்குரைஞர் மீனா

அதைவிடப் பெரிய உதாரணம் லீட்கிளிக். மாணிக்கம் சாரின் தரகர் வாதம் நொறுங்கியது அங்கேதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

லீன்ஸ்பா என்றொரு கம்பெனி, உடல் இளைக்க அசாய் பெர்ரி மாத்திரை விற்றது. "இலவச ட்ரையல்" என்று சேர்த்துவிட்டு மாதாமாதம் கார்டில் பணம் எடுப்பார்கள். ஒரு ஆள் ட்ரையலில் சேர்ந்தால் லீட்கிளிக் நெட்வொர்க்குக்கு 35 முதல் 45 டாலர். அதில் 80 முதல் 90 சதவீதம் அஃபிலியேட்டுக்குப் போகும். அஃபிலியேட்டுகள் என்ன செய்தார்கள் என்றால், செய்தித் தளம் மாதிரியே பக்கம் கட்டினார்கள். நிருபர் தானே மாத்திரை சாப்பிட்டு இளைத்த கதை, கீழே வாசகர் கருத்துகள், எல்லாமே பொய்.

மத்திய வர்த்தக ஆணையமும் கனெக்டிகட் மாநிலமும் 2011ல் வழக்குப் போட்டன. 2016 செப்டம்பரில் இரண்டாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் லீட்கிளிக் 1.19 கோடி டாலர் கட்ட வேண்டும் என்று உறுதிசெய்தது. வைத்த அளவுகோல் இது: ஏமாற்று நடப்பது தெரிந்து, அதில் நேரடியாகப் பங்கெடுத்தாலோ, தடுக்கும் அதிகாரம் இருந்தும் விட்டாலோ நெட்வொர்க் பொறுப்பு. லீட்கிளிக் ஊழியர்கள் பொய்ச் செய்தித் தளம் வைத்திருந்த அஃபிலியேட்டுகளைத் தேடிச் சேர்த்திருந்தார்கள், பக்கத்தில் எதை மாற்ற வேண்டும் என்று எழுதியிருந்தார்கள், நிஜச் செய்தித் தளங்களில் விளம்பர இடம் வாங்கி அந்தப் பொய்த் தளங்களுக்குக் கைமாற்றி விற்றிருந்தார்கள்.

"அடுத்தவர் எழுதியதற்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று இணைய நிறுவனங்களுக்குப் பாதுகாப்புத் தரும் அமெரிக்கச் சட்டத்தின் 230வது பிரிவையும் கேடயமாக நீட்டினார்கள். உள்ளடக்கத்தை உருவாக்குவதில் நீயும் கை வைத்தாய், கேடயம் கிடையாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. சார், வீடு பார்க்க ஆளை அழைத்து வந்தவர் இல்லை இவர். பொய்ப் பத்திரம் எழுத உட்கார்ந்து திருத்தம் சொன்னவர்.

#14 மறுப்பு மாணிக்கம்

சரி, லீட்கிளிக் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் கடைசிக் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. ஃபேஸ்புக் எப்போதும் வாதியாகவே நிற்கிறதே, அது எப்படி?

#15 பழைய பப்ளிஷர்

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். 2012ல் ஸ்பேமர் ஃபேஸ்புக்குக்கு ஒரு பைசா கொடுக்கவில்லை. லைக் மூலம் ஓசியில் பரவினான். அதனால் ஃபேஸ்புக்குக்கு அவன் எதிரி. அந்தப் பிழைப்பு அடைபட்டதும் ஆட்கள் என்ன செய்தார்கள்? அதே ஆஃபர்களைக் காசு கொடுத்து விளம்பரமாகவே போட்டார்கள். விளம்பரம் சரிபார்க்கிறவருக்கு ஒரு நல்ல பக்கம், உங்களுக்கும் எனக்கும் வேறு பக்கம். இதற்கு க்ளோக்கிங் என்று பெயர். அதற்கு மென்பொருள் விற்கிற கடைகளே உண்டு. 2019 டிசம்பரில் ஹாங்காங் நிறுவனம் ஐலைக்ஆட் மீது ஃபேஸ்புக் வழக்குப் போட்டது. பிறர் கணக்குகளை மால்வேர் வைத்துப் பிடித்து, அந்தக் கணக்குகளின் காசிலேயே போலிச் சரக்குக்கும் டயட் மாத்திரைக்கும் விளம்பரம் ஓட்டினார்கள் என்று. பாதிக்கப்பட்டவர்களுக்கு ஃபேஸ்புக் 40 லட்சம் டாலருக்கு மேல் திருப்பித் தந்தது. 2020 ஏப்ரலில் லீட்க்ளோக் என்ற க்ளோக்கிங் மென்பொருள் மீது வழக்கு.

ஆனால் இந்த விளையாட்டில் விளம்பரக் காசு ஃபேஸ்புக் கல்லாவிலும் விழுகிறது. 2025 நவம்பரில் ராய்ட்டர்ஸ், ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் உள் ஆவணங்களை வைத்து ஒரு செய்தி போட்டது. 2024 வருமானத்தில் 10 சதவீதம் அளவுக்கு, சுமார் 1,600 கோடி டாலர், மோசடி விளம்பரங்களிலிருந்தும் தடைசெய்யப்பட்ட பொருள்களின் விளம்பரங்களிலிருந்தும் வரும் என்று நிறுவனத்துக்குள்ளேயே கணித்திருந்தார்களாம். அது தோராயமான, மிகைப்பட்ட கணக்கு என்று மெட்டா சொன்னது. மிகை என்றே வைத்துக்கொள்வோம், பாதி என்றாலும் ஆட்சென்ட் எல்லாம் தூசு.

#16 வழக்குரைஞர் மீனா

வாதியாகவே நிற்கவும் முடியவில்லை, மாணிக்கம் சார். பிரபலங்களின் முகத்தை வைத்து வந்த கிரிப்டோ மோசடி விளம்பரங்களுக்காக ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் 2022 மார்ச்சில் மெட்டா மீதே வழக்குப் போட்டது. அமெரிக்காவில், மோசடி விளம்பரத்தை நம்பி ஏமாந்த இரண்டு பயனர்கள் தொடுத்த கலைஸ் வழக்கில் 2024 ஜூனில் ஒன்பதாவது வட்ட நீதிமன்றம் சொன்னது முக்கியம். மோசடி விளம்பரங்களைத் தடுப்போம் என்று உங்கள் விதிமுறையில் நீங்களே வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள், அந்த ஒப்பந்தத்தை மீறியதாக வரும் கோரிக்கையை 230வது பிரிவு தடுக்காது என்று. 2010ல் ஸ்பேமர்கள் மீது ஃபேஸ்புக் வழக்குப் போட்டபோது அதன் கையில் இருந்த காகிதங்களில் ஒன்று இதே விதிமுறைதான். "எங்கள் விதியை மீறினாய்" என்று.

#17 வடபழனி ராஜு

நம்ம ஊரில் என்ன நிலைமை? டெலிகிராமில் ஒரு நாளைக்கு எத்தனை குழுவில் சேர்த்துவிடுகிறார்கள் தெரியுமா?

#18 வழக்குரைஞர் மீனா

நம்மிடம் கேன்-ஸ்பேம் மாதிரி தனிச் சட்டம் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஏ பிரிவு நினைவிருக்கிறதா? கருத்துச் சுதந்திரத்துக்காக 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததே, ஷ்ரேயா சிங்கால் வழக்கில்? அதன் மூன்றாவது உட்பிரிவு, அனுப்புநர் யார் என்று ஏமாற்றும் மின்செய்திகளைப் பற்றியது. மொத்தப் பிரிவும் போனபோது அதுவும் சேர்ந்து போனது. 66ஏ போனதில் எனக்கு வருத்தம் கிடையாது, இந்த ஒரு துண்டுக்கு மாற்று வராததில்தான் வருத்தம். தொலைத்தொடர்பு ஆணையத்தின் 2018 விதிமுறை அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும். வாட்ஸ்அப், டெலிகிராம் அதில் வராது.

கையில் இருப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு உற்பத்தியாளருக்கும் அதைப் பரிந்துரைப்பவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம். 21வது பிரிவில், விளம்பரத்தை வெளியிடுவதில் பங்குகொண்டவருக்கும் 10 லட்சம் வரை உண்டு. அஃபிலியேட் நெட்வொர்க்கை இந்தச் சொல்லுக்குள் கொண்டுவரலாம் என்பது என் வாதம். "வழக்கமான தொழில் நடைமுறையில் வெளியிட்டேன்" என்று அவர்கள் தப்பிக்கவும் அதே பிரிவில் வழி இருக்கிறது. ஏற்கெனவே நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது தெரிந்தபின் வெளியிட்டால் அந்தத் தப்பிப்பு கிடையாது.

#19 டாலர்_தாமோதரன்

10 லட்சம் ரூபாய் என்றால் பெரிய நெட்வொர்க்குக்கு ஒரு மதிய உணவுச் செலவு மேடம்.

#20 மறுப்பு மாணிக்கம்

கடைசியாக ஒன்று. இத்தனை வழக்குக்குப் பிறகு அந்த நெட்வொர்க்குகள் திருந்தினவா, மூடினவா? பப்ளிஷர் அண்ணன்தான் சொல்ல வேண்டும்.

#21 பழைய பப்ளிஷர்

மூடினதும் உண்டு, பெயர் மாறினதும் உண்டு. ஆட்சென்ட் அதற்கப்புறமும் தொழிலில் இருந்தது. மொபைல் கேம்களில் "இந்த ஆப்பை நிறுவினால் காசு" என்று வரும் ஆஃபர்வால் பக்கம் அந்தத் தொழில் நிறையவே நகர்ந்தது. கண்கூடாக மாறியது ஒன்று. முன்பெல்லாம் கணக்குத் திறந்த அன்றே லிங்க் கிடைக்கும். பிறகு போன் போட்டுப் பேசினார்கள், அடையாளச் சான்று கேட்டார்கள், எந்தப் பக்கத்தில் விளம்பரம் வரும் என்று ஸ்கிரீன்ஷாட் கேட்டார்கள். விதிமுறையைக் கவனிக்க, கம்ப்ளையன்ஸ் என்று தனியாக ஆள் வைத்தார்கள். லீட்கிளிக் வழக்கில் ஊழியர்கள் எழுதிய மின்னஞ்சல்களே சாட்சியானதை எல்லா நெட்வொர்க்கும் படித்திருக்கும்.

அதனால் இன்னொன்றும் நடந்தது. மேனேஜர்கள் எழுத்தில் பேசுவதைக் குறைத்துவிட்டார்கள். கேட்டால் "கால் பண்ணு" என்பார்கள். பெரிய நெட்வொர்க் தானே அஃபிலியேட்டைச் சேர்க்காமல், ஒரு சின்ன நெட்வொர்க்கைச் சேர்த்துக்கொண்டது, அதன் கீழே இன்னொன்று. சப்-ஐடி மூன்று நான்கு கை மாறி வரும். மீனா மேடம் சொன்ன "தெரிந்திருந்தது" என்பதை இனி எந்த அடுக்கில் போய் நிரூபிப்பது என்பதுதான் அடுத்த வழக்குப் போடுகிறவரின் தலைவலி.